சாமி முகத்தில் முத்திரை: பண்டிகை அஞ்சல் தலைகள் பற்றிச் சில செய்திகள்



நமது அறநிலையத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். தல வரலாறு எழுதவும், திருமுறைக்கு விளக்கம் சொல்லவும் நம்மிடையே தக்கவர்கள் இருக்கிறார்கள். அடியேன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜொகூரின் சிற்றூர் அஞ்சல் நிலையங்களில் முகப்பில் அமர்ந்து தபால் தலை விற்றவன். கடிதத்தின் மேல் முத்திரை குத்தியவன். ஓய்வு பெற்றபின் யோங் பெங்கில் குடியேறி, நமது செயற்குழுவில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பவன். "உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுங்கள்" என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்தது தபால் தலை. ஆகவே பண்டிகைக் காலங்களில் உலக நாடுகள் வெளியிடும் தபால் தலைகளைப் பற்றி எழுதுகிறேன்.

இதை எழுதத் தூண்டியது நமது செயற்குழுவில் எழுந்த ஒரு கேள்வி. நன்கொடையாளர்களுக்கு ரசீதும், திருவிழாவின்போது திருநீறு குங்குமப் பிரசாதமும் தபாலில் அனுப்புகிறோம் அல்லவா? அந்த உறையின் மேல் நம் மூலவர் திருவுருவை வண்ணத்தில் அச்சிடலாம் என்று ஓர் அன்பர் யோசனை சொன்னார். உறை அழகாக இருக்கும், வாங்குபவர் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்றார். அடியேன் எழுந்து கூடாது என்றேன். ஏன் கூடாது என்று கேட்டார்கள். அன்று எனக்குத் தெளிவாகச் சொல்ல வரவில்லை. என் அப்பாயியின் ஞாபகம்தான் வந்தது.

அப்பாயி 1938க்கு முன்னர் மலாயாவுக்கு வந்தவர். அந்த ஆண்டில்தான் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர்களைச் செலவு கொடுத்து அனுப்பும் முறையைத் தடை செய்தது. பால்மரக் காட்டில் வேலை. என் தகப்பனார் தலையெடுத்து அதே தோட்டத்தில் சின்னக் கிராணி ஆனார். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் அனைத்தும் ஆபீசுக்கு வரும். அங்கிருந்து லயத்துக்குப் போகும். அப்பாயிக்கு ஊரில் ஒரு தம்பி. ஆண்டுக்கு இரண்டு மூன்று கடிதம் வரும். அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை அப்பா படிப்பார். படித்து முடித்ததும் கடிதம் அப்பாவுக்கு, உறை அப்பாயிக்கு. உறையில் சாமி படம் போட்ட ஸ்டாம்பு இருந்தால் அதைக் கத்தரித்து, ஒரு மைலோ டப்பாவில் போட்டு, சாமி மேடைக்குக் கீழே வைத்துவிடுவார்.

அந்த டப்பா இன்று என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளவற்றில் மிகப் பழையது நடராசர் உருவம் பொறித்த இரண்டு அணாத் தலை. அதன் கதையைச் சொல்ல வேண்டும்.

இந்தியா விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகள் கழித்து, 1949 ஆகஸ்டு 15ஆம் நாள், பிரிட்டிஷ் மன்னர் தலைக்குப் பதிலாகப் புதிய வரிசை ஒன்றை இந்திய அஞ்சல் துறை வெளியிட்டது. அஜந்தா யானை, கொனாரக் குதிரை, திரிமூர்த்தி, போதிசத்துவர், நடராசர், சாஞ்சி வாயில், புத்தகயை, புவனேசுவரம், பீஜப்பூர் கோல்கும்பாஸ், கஜுராஹோ, அமிர்தசரசுப் பொற்கோயில், சித்தூர் வெற்றித் தூண், செங்கோட்டை, தாஜ்மகால், குதுப் மினார், பாலிதானாவின் சமணக் கோயில் என்று பதினாறு தலைகள். இந்து, பௌத்தம், சமணம், சீக்கியம், இஸ்லாம் அனைத்தும் ஒரே வரிசையில். பிரிவினையின் புண் ஆறாத காலத்தில் இந்த வரிசையைத் தேர்ந்தவர்கள் நன்றாக யோசித்தே தேர்ந்திருக்க வேண்டும். இவை பண்டிகைத் தலைகள் அல்ல, தொல்பொருள் வரிசை. நடராசர் அங்கே வழிபடு தெய்வமாக வரவில்லை. சிற்பக் கலையின் சிகரமாக வந்தார். ஆனால் தோட்டத்து லயத்தில் என் அப்பாயிக்கு அந்த வேறுபாடு தெரியுமா? சாமி வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த வரிசையில் ஒரு வேடிக்கை நடந்தது. ஓரணாத் தலையில் போதிசத்துவர் படம் இடம் வலம் மாறி அச்சாகிவிட்டது. நீட்டிய கை இடக்கையாகத் தெரிந்தது. 1950இல் திருத்தி மறுபடியும் வெளியிட்டார்கள். அந்தத் தவறு நடராசருக்கு நேர்ந்திருந்தால் நம் தமிழ்நாட்டில் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள். வலக்கால் முயலகன்மேல் ஊன்ற, இடக்கால் தூக்கி ஆடுவது தில்லைக் கூத்தன் கோலம். கால் மாறி ஆடியது மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டுமே. படம் திரும்பியிருந்தால் தில்லை மதுரையாகியிருக்கும்!

இனி அப்பாயி கதைக்கு வருகிறேன். 1978 ஆகஸ்டில் இந்தியா பகவத்கீதைக்காக ஒரு தலை வெளியிட்டது. தேரில் கண்ணன், அருச்சுனன். இருபத்தைந்து காசு. சில மாதங்கள் கழித்து ஊரிலிருந்து வந்த உறையில், மற்ற தலைகளோடு அதுவும் ஒட்டியிருந்தது. அந்தக் கடிதத்தில்தான் தம்பி காலமான செய்தி இருந்தது. அப்பாயி அழுதார். பிறகு வழக்கம்போல் உறையை வாங்கினார். அனுப்பிய ஊரில் யாரோ ஒருவர் அவசரத்தில் ஓங்கிக் குத்தியிருக்கிறார். கறுப்பு மை கண்ணன் முகம் முழுவதும் அப்பியிருந்தது. அப்பாயி முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. போகாத மை என்பதற்காகத்தானே அதைச் செய்கிறார்கள்.

அப்போது நான் தபால் நிலையத்தில் சேர்ந்து மூன்று நான்கு ஆண்டுகள். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன்டா, நீயும் இப்படித்தான் சாமி மூஞ்சியில குத்துறியா?"

"நம்ம ஊரு ஸ்டாம்புல சாமி இல்ல அப்பாயி. பட்டாம்பூச்சிதான்."

"ராசா படம் இருக்குதே?"

எனக்குப் பதில் இல்லை. அப்பாயி சொன்னது சரி. 1971இல் வந்த பட்டாம்பூச்சி வரிசையில் நம் ஜொகூர்த் தலைகளில் சுல்தான் இஸ்மாயில் அவர்களின் உருவமும் இருந்தது. நாங்கள் மூத்தவர்களிடம் பழகிய முறை, முத்திரையின் விளிம்பு தலையின் ஓரத்தில் விழ வேண்டும் என்பது. தேதியும் ஊர்ப் பெயரும் உறைமேல் தெளிவாகத் தெரியும், தலையும் செல்லாததாகிவிடும். ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் மூட்டை மூட்டையாக வாழ்த்து அட்டைகள் குவிந்து கிடக்கும்போது எந்த ஓரம், எந்த நடு? கை போன போக்கில் குத்துவோம்.

அப்பாயியின் கேள்வி ஒரு படிக்காத கிழவியின் பேதைமை என்று அன்று நினைத்தேன். பிற்காலத்தில் தபால் தலை வரலாறு படித்தபோது, அதே கேள்வியை ஓர் அரசாங்கமே கேட்டிருக்கிறது என்று அறிந்தேன். 1859இல் சிசிலித் தீவுக்கு வெளியிட்ட தலைகளில் மன்னர் இரண்டாம் பெர்டினாண்டின் முகம் இருந்தது. மன்னர் முகத்தில் மை படலாமா? அதற்காகத் தனியே ஒரு முத்திரை செய்தார்கள். நடுவில் ஒன்றும் இல்லாமல் சுற்றிலும் சட்டம் போட்டதுபோன்ற முத்திரை. முகம் தப்பும், ஓரங்களில் மட்டும் மை விழும். ஒரு மானிட அரசனுக்கு அவ்வளவு கவனம்!

தபால் தலை என்பது மூன்று அவமதிப்புகளுக்கு ஆளாகும் பொருள் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலில் அதன் முதுகை நாவால் நக்குகிறோம். நம் வழக்கத்தில் எச்சிலைவிடத் தீட்டு எது? அடுத்து அதன் முகத்தில் மை குத்துகிறோம். மூன்றாவது, கடிதம் வந்து சேர்ந்ததும் உறையோடு கிழித்துக் குப்பையில் போடுகிறோம். இப்படிப்பட்ட காகிதத் துண்டின்மேல் தமக்குப் புனிதமானதை எந்த உருவில் வைப்பது என்ற கேள்வி எல்லாச் சமயத்தாருக்கும் வந்திருக்கிறது. அவரவர் சொன்ன பதிலில் அவரவர் பண்பாடு தெரிகிறது. என் பார்வையில் பண்டிகைத் தலைகளின் சுவையே அதுதான்.

கிறிஸ்துவ நாடுகளை எடுத்துக்கொள்வோம். 1898இல் கனடா வெளியிட்ட உலகப் படத் தலையில் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் என்று பொறித்திருந்தது. ஆயினும் அது புதிய அஞ்சல் கட்டணம் நடைமுறைக்கு வந்ததைக் குறித்த தலை. பண்டிகைக்கென்றே தலை வெளியிடும் வழக்கம் பரவியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு. அமெரிக்கா 1962இல்தான் தன் முதல் கிறிஸ்துமஸ் தலையை வெளியிட்டது. அதில் ஏசுவும் இல்லை, மரியாளும் இல்லை. ஒரு பச்சை மலர்வளையம், இரண்டு மெழுகுவத்தி. முதலில் 35 கோடி அச்சிட்டார்கள். போதவில்லை. மறுபடி மறுபடி அச்சிட்டு ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை நூறு கோடியை நெருங்கிவிட்டது. 1966இல் பழைய ஓவியம் ஒன்றிலிருந்து மரியாளையும் குழந்தையையும் எடுத்துப் போட்டபோது, அரசாங்கத் தபாலில் மதச் சின்னம் வரலாமா என்று கண்டனம் எழுந்தது. கண்டித்தவர்களில் கிறிஸ்துவர்களும் உண்டு.

அதே 1966இல் பிரிட்டன் தன் முதல் கிறிஸ்துமஸ் தலைகளைச் சிறுவர்களின் ஓவியங்களிலிருந்து தேர்ந்தது. மூன்று பென்னித் தலையில் வந்த கீழை நாட்டு அரசரை வரைந்தவள் தஸ்வீர் ஷெம்ஸா என்ற ஆறு வயதுச் சிறுமி. பாகிஸ்தானிலிருந்து சென்று அங்கே வாழ்ந்த ஓவியர் அன்வர் ஷெம்ஸாவின் மகள். எந்தச் சட்டமும் பிரசங்கமும் செய்யாத ஒன்றை அந்தக் குழந்தையின் வண்ணப் படம் செய்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

அமெரிக்கத் தலைகளில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1974ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்காகப் புறா உருவம் கொண்ட தலை ஒன்று வந்தது. அந்நாட்டின் முதல் தானே ஒட்டும் தலை அது. நக்க வேண்டியதில்லை. அச்சிடும்போதே செல்லாததாக்கி விற்றதால் முத்திரை குத்தவும் வேண்டியதில்லை. சோதனை முயற்சிதான், பசை நாளடைவில் காகிதத்தைக் கறையாக்கிவிட்டது. வேலை மிச்சமாகட்டும் என்று அவர்கள் செய்தது. ஆனாலும் எச்சில், மை ஆகிய இரண்டு குறைகளும் இல்லாத அந்தத் தலையை அப்பாயி பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

முஸ்லிம் பெருமக்களுக்கு இந்தச் சிக்கலே எளிது, ஏனெனில் உருவம் வரையும் வழக்கம் அவர்கள் சமயத்தில் இல்லை. அமெரிக்கா 2001 செப்டம்பர் முதல் நாள் பெருநாள் தலையை வெளியிட்டபோது நீலப் பின்னணியில் பொன் எழுத்துகளாகப் பெருநாள் வாழ்த்தை அரபியில் எழுதியிருந்தார்கள். எழுதியவர் முகமது சக்கரியா என்ற எழுத்துக் கலைஞர். வெளிவந்து பத்தாம் நாள் நியூயார்க்கில் கோபுரங்கள் தகர்ந்தன. அந்தத் தலையைத் திரும்பப் பெற வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. அஞ்சல் துறை பின்வாங்கவில்லை. கட்டணம் உயர்ந்தபோது 2002இல் அதே வடிவத்தைப் புதிய மதிப்பில் மீண்டும் வெளியிட்டது. ஒரு சிறுபான்மைச் சமூகத்துக்குத் தபால் தலை என்றால் என்ன என்பதை நான் புரிந்துகொண்டது அந்தச் செய்தியைப் படித்தபோதுதான். அரசாங்கம் தன் கையெழுத்தைப் போட்டு, இவர்களும் இந்நாட்டவர் என்று சொல்லும் சீட்டு அது.

அதனால்தான் அமெரிக்காவில் நம்மவர்கள் தீபாவளித் தலைக்காகப் பல ஆண்டுகள் மனுமேல் மனு அனுப்பினார்கள். ரஞ்சு பத்ரா என்ற அம்மையார் கையெழுத்து இயக்கத்தை முன்னின்று நடத்தினார். நாடாளுமன்ற உறுப்பினர் கேரலின் மலோனி துணை நின்றார். கிறிஸ்துமஸுக்கு உண்டு, யூதர்களின் ஹனுக்காவுக்கு 1996 முதல் உண்டு, பெருநாளுக்கு உண்டு, எங்களுக்கு ஏன் இல்லை என்பதே கேள்வி. 2016 அக்டோபர் 5ஆம் நாள் தலை வெளிவந்தது. பொன்னிறப் பின்னணியில் ஏற்றிய ஓர் அகல் விளக்கு. அதைப் புகைப்படம் எடுத்தவர் சாலி ஆண்டர்சன் புரூஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. இலக்குமி இல்லை, இராமர் இல்லை, கண்ணன் இல்லை. விளக்கு மட்டும்.

அதன்பின் அகல் விளக்கு உலகம் சுற்றத் தொடங்கியது. கனடாவும் இந்தியாவும் 2017 செப்டம்பரில் சேர்ந்து தீபாவளித் தலைகள் வெளியிட்டன. ஐக்கிய நாட்டு அஞ்சல் நிர்வாகம் 2018இல் தீபாவளிக்காக ஒரு தாள் வெளியிட்டது. இவற்றுக்கு முன்பே, 2012 நவம்பரில் இந்தியாவும் இஸ்ரேலும் கூட்டாக வெளியிட்ட தலைகளில் தீபாவளியும் ஹனுக்காவும் இரண்டு ஒளித் திருநாள்களாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

தீபாவளி என்றால் ஏன் விளக்கு? நரகாசுரன் கதை தெற்கே, இராமர் அயோத்தி திரும்பிய கதை வடக்கே. சமணர்களுக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். சீக்கியர்களுக்குக் குரு ஹர்கோவிந்தர் சிறை மீண்ட நாள். யாருடைய கதையைப் போட்டாலும் மற்றவர் கதை விட்டுப்போகும். விளக்கு யார் கதையையும் விடுவதில்லை. இன்னொன்றும் உண்டு. இது என் சொந்தக் கருத்து. விளக்கை மாலையில் ஏற்றுகிறோம், அது அணைகிறது, மறுநாள் மறுபடி ஏற்றுகிறோம். அதன் படத்தின்மேல் மை விழுந்தால் மனம் அவ்வளவு பதறுவதில்லை. இலக்குமி முகத்தில் விழுந்தால் பதறும்.

நமக்கு அண்டை வீடான சிங்கப்பூர் இந்த விஷயத்தில் அமெரிக்காவுக்கு 45 ஆண்டுகள் முந்திக்கொண்டது. 1971இல் சிங்கப்பூர்ப் பண்டிகைகள் என்று நான்கு தலைகள்: சீனப் புத்தாண்டு 15 காசு, நோன்புப் பெருநாள் 30 காசு, தீபாவளி 50 காசு, கிறிஸ்துமஸ் 75 காசு. நாடு தனித்து நின்று ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நான்கு இனத்தார் பண்டிகையும் ஒரே வரிசையில் ஒரே தகுதியில். தபால்காரன் கண்ணுக்கு இதில் வேறொன்றும் தெரியும். குறைந்த மதிப்புத் தலைதான் உள்ளூரில் மிகுதியாகப் புழங்கும். 50 காசுத் தலை பெரும்பாலும் தூர தேசத்துக் கடிதத்துக்குப் போகும். நம் தீபாவளி கப்பலேறவும் விமானமேறவும் பிறந்தது போலும்! சிங்கப்பூரில் என் சின்னம்மா இருந்தார். அவர் எங்களுக்கு அனுப்பிய வாழ்த்து அட்டையில் அதை ஒட்டவில்லை. 50 காசு வீண் என்று நினைத்திருப்பார். வாழ்த்து அட்டை உறையை ஒட்டாமல் மடித்துச் செருகினால் கட்டணம் குறைவு என்பது அந்நாளில் எல்லாக் குடும்பமும் அறிந்த சிக்கனம்.

1975இல் ஃபிஜித் தீவும் இவ்வாறே பண்டிகை வரிசை ஒன்றை வெளியிட்டது. அதிலும் தீபாவளி உண்டு. கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தீவு அது. பல இனத்தார் தோட்டத்திலும் துறைமுகத்திலும் கலந்து வாழ நேர்ந்த நாடுகளில்தான் இப்படி எல்லார் பண்டிகையையும் ஒரு வரிசையில் கோக்கும் எண்ணம் முன்னதாகவே தோன்றியிருக்கிறது. மலேசியத் தலைகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும். அடுத்த மலருக்கு இடம் கொடுத்தால் எழுதுகிறேன். நம் பொங்கலுக்கு இந்தியா 2006இல் ஒரு தலை வெளியிட்டது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

"அப்படியானால் தெய்வ உருவத்தைத் தலையில் போட்டவர்களே இல்லையா?" என்று அன்பர்கள் கேட்கலாம். உண்டு. நேப்பாளம் 1907இல் லண்டனில் அச்சிட்டு வாங்கிய தலைகளில் பசுபதிநாதரையே, சிவபெருமானையே, பொறித்தது. இந்து மன்னர் ஆண்ட நாடு அது. தம் இறைவன் உருவத்தில் முத்திரை விழுவது அவர்களைத் தடுக்கவில்லை. இறைவன் பெயரால் ஆளும் நாட்டில் இறைவன் முகம் தபாலில் வருவது இயல்பு என்று எண்ணினார்கள் போலும். இந்தியாவும் 2017இல் இராமாயணக் காட்சிகளைப் பதினொரு தலைகளாக வெளியிட்டது. ஆகவே இதில் சாத்திர விதி ஒன்றும் இல்லை. அடியேன் சொல்வதைத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம்.

நேப்பாளத்துக்கு நேர் எதிரான வழியில் சென்றது திருவிதாங்கூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நாஞ்சில் நாட்டைத் தன்னுள் கொண்டிருந்த அரசு. 1750இல் மார்த்தாண்ட வர்மா மகாராஜா நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக்கி, பத்மநாப தாசன் என்று பெயர் பூண்டு ஆண்டார். பின்வந்த மன்னர்களும் அவ்வாறே. அங்கே தபாலுக்கு 'அஞ்சல்' என்றே பெயர். 1888இல் திருவிதாங்கூர் அஞ்சல் முதல் தலைகளை வெளியிட்டபோது நாட்டின் உண்மையான அரசரான பத்மநாபரின் உருவத்தைப் போடவில்லை. தாசனாகிய மகாராஜா தம் முகத்தையும் போடவில்லை. பெருமாள் கையிலுள்ள சங்கை மட்டும் போட்டார்கள். இதைவிட அழகான தீர்வை நான் எந்த நாட்டுத் தலையிலும் பார்த்ததில்லை.

ஆனால் திருவிதாங்கூர்த் தலைகளில் என் மனத்தைத் தொட்டது சங்கு அன்று. 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா ஒரு பிரகடனம் செய்தார். பிறப்பினால் எந்த இந்துவுக்கும் அரசின் கோயில்களில் நுழையத் தடையில்லை என்ற ஆலயப் பிரவேசப் பிரகடனம். அதன் நினைவாக 1937இல் தலைகள் வெளிவந்தன. மகாராஜாவின் உருவமும் கோயில்களின் தோற்றமும் அவற்றில் உள்ளன. தெய்வத்தின் படம் இல்லை. தெய்வத்திடம் போகும் வழி திறந்த செய்தி இருக்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் முன்னின்று எல்லாரையும் அழைத்துச் சென்றது அதற்குப் பின், 1939 ஜூலையில்.

என் அப்பாயி ஊரை விட்டுக் கிளம்பியது அதற்கு முன். அவர் பிறந்த ஊர்க் கோயிலுக்குள் அவர் குடும்பத்தார் போக முடியாது. தேர் தெருவில் வரும்போது தூரத்தில் நின்று கும்பிட்டவர்கள். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார், அதுவும் வேறு பேச்சுக்கு நடுவே. மலாயாவில் தோட்டத்துக் கோயிலைப் பால்வெட்டுக்காரர்களே தகரமும் பலகையும் போட்டுக் கட்டினார்கள். அங்கே யாரும் யாரையும் வெளியே நிற்கச் சொல்லவில்லை.

செயற்குழுவில் நான் கூடாது என்று சொன்ன அன்று இரவு மைலோ டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நடராசர், கண்ணன், 1974இல் வந்த முகமூடி வரிசையின் நரசிம்மம், கோயில் கோபுரங்கள். எல்லாவற்றின்மேலும் மை. சாமி படத்தை உறையில் போடாதே என்று நான் வாதாடுகிறேன். ஆனால் சிறுவயதில் சந்நிதியைக் கண்ணால் பார்க்காத ஒருத்திக்கு, கடல் தாண்டி லயத்து வாசலுக்கே சாமி வந்தது உறையின் மேல்தானே? அந்த இரண்டு அணா நடராசர் வராதிருந்தால் அவர் எதைக் கத்தரித்து வைத்திருப்பார்? அவர் வருந்தியது சாமி தபாலில் வந்ததற்காக அன்று, முகத்தில் குத்தியதற்காக. இந்த வேறுபாட்டை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் இதை அப்படியே சொன்னேன். யோசனை சொன்ன அன்பர் சிரித்தார். "கைப்பேசியில் தினமும் காலையில் நூறு சாமி படம் வருகிறது. இடமில்லை என்று அத்தனையையும் அழிக்கிறோம். அதற்கு உங்கள் அப்பாயி என்ன சொல்வார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் பேரனும் இதையே கேட்டான். அவனுக்கும் என்னிடம் பதில் இல்லை. இன்று தபாலில் வாழ்த்து அட்டை வருவதே அரிது. வரும் சில உறைகளில் ஒன்று நம் அறநிலையத்தின் உறை. அதனால் அதைப் பற்றியாவது ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றேன்.

விவாதம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. கடைசியில் செயற்குழு முடிவு செய்தது இதுதான். இவ்வாண்டு முதல் உறையின் வெளிப்புறத்தில் இடப்பக்க மூலையில் ஒரு குத்துவிளக்கு மட்டும் ஒற்றை நிறத்தில் இருக்கும். தலை ஒட்டும் வலப்பக்கம் வெறுமையாக விடப்படும். மூலவர் திருவுருவம் தடித்த அட்டையில் தனியே அச்சாகி, பிரசாதப் பொட்டலத்தோடு உள்ளே வரும். அதைச் சட்டம் போட்டு வைத்துக்கொள்ளலாம். பழைய அட்டைகளையும், வீட்டில் சேர்ந்துவிட்ட சாமி படம் போட்ட காலண்டர், அழைப்பிதழ், உறை முதலியவற்றையும் குப்பையில் போட மனம் வராதவர்கள் நம் அலுவலக வாசலில் வைத்திருக்கும் மரப்பெட்டியில் சேர்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை அவற்றை முறைப்படி அப்புறப்படுத்த அர்ச்சகர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மைலோ டப்பாவை அந்தப் பெட்டியில் போடச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அது என் வீட்டுச் சாமி மேடைக்குக் கீழேயே இருக்கிறது. தபால் தலை சேகரிக்கும் பிள்ளைகள் யோங் பெங் பக்கம் இருந்தால் வந்து பார்க்கலாம். கையைக் கழுவிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.